பெரிய கடிகாரத்துக்குக் கீழே ஆறு பேர்

கேள்வி: அக்கா, நாங்கள் ஆறு பேர், ஈசூனில் ஒரே புளோக்கில் வளர்ந்த நண்பர்கள். எல்லாருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. டிசம்பரில் வீட்டில் அனுமதி வாங்கி, வெள்ளிக்கிழமை இரவு கொல்கத்தா வந்து ஞாயிற்றுக்கிழமை இரவு சிங்கப்பூர் திரும்புவதாகத் திட்டம். எங்களில் ஒருவனின் தாத்தா ஹவுராவில் ரயில்வே வேலை பார்த்தவர். அந்த ஸ்டேஷனைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறான். இன்னொருவனுக்குச் சுந்தரவனப் புலி வேண்டும், மற்றொருவனுக்கு டார்ஜிலிங். ஒருவன் சுத்த சைவம். ஒருவனுக்கு முழங்கால் வலி. வாட்ஸ்அப் குழுவில் மூன்று மாதமாகப் பேச்சுத்தான் ஓடுகிறது. ஸ்டேஷன் பக்கத்திலேயே அறை எடுக்கலாமா? பணத்தை எப்படிப் பிரிப்பது? வழி சொல்லுங்கள்.

– ஒரு வாசகர், சிங்கப்பூர்

பதில்: முதலில் புலியையும் டார்ஜிலிங்கையும் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். சுந்தரவனத்துக்குப் படகேறும் கோட்காலித் துறைக்குக் கொல்கத்தாவிலிருந்து காரில் போகவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். என் வீட்டுக்காரர் மூன்று முறை போய்வந்தார்; அவர் பார்த்தது சேற்றில் பதிந்த கால்தடம் மட்டும். டார்ஜிலிங் என்றால் ஓர் இரவு ரயில், நியூ ஜல்பாய்குரியில் இறங்கியபின் மலைப்பாதையில் இன்னும் மூன்று மணி நேரம். உங்களிடம் இருப்பது ஒரு சனி, ஒரு ஞாயிறு. ஆற்றங்கரையை விட்டு அதிகம் விலகாதீர்கள் என்பதுதான் நான் தரும் யோசனை. ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளுக்கே இரண்டு நாள் பற்றாது.

வெளியூர்க்காரர்கள் பலரும் ஹவுராவைக் கொல்கத்தாவின் ஒரு பேட்டை என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். அது ஆற்றின் மேற்குக் கரையில் தனி ஊர், தனி மாநகராட்சி, தனி மாவட்டம். கொல்கத்தாக்காரர்களுக்கோ அது ரயில் பிடிக்கப் போகும் இடம், அவ்வளவுதான். நான் கல்யாணமாகி வந்து இறங்கிய நாள் முதல் ஹவுராவின் ஷிப்பூரில் இருக்கிறேன். இன்னமும் அக்கரைத் தோழிகள் "அவ்வளவு தூரமா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, அறையை மட்டும் அக்கரையில் போடுங்கள் என்றுதான் சொல்வேன். வெளிநாட்டவர் தங்கினால் விடுதிக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தைப் பதிவு செய்ய வேண்டும். ஸ்டேஷனைச் சுற்றியுள்ள சின்ன லாட்ஜுகளில் பலவற்றுக்கு அந்த வேலையே பிடிக்காது; சிவப்புப் பாஸ்போர்ட்டைக் கண்டதும் ரூம் இல்லை என்பார்கள். நள்ளிரவில் ஆறு பேர் பெட்டியோடு தெருவில் நிற்க வேண்டியிருக்கும். பார்க் ஸ்ட்ரீட் அல்லது எஸ்பிளனேடு பக்கம் தங்குங்கள். 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியில் மெட்ரோ வந்தபின் ஹவுரா கைக்கெட்டும் தூரம்தான். எஸ்பிளனேடில் ஏறினால் மகாகரண், அடுத்தது ஹவுரா. பத்து ரூபாய்ச் சீட்டு. ஆற்றைக் கடக்க முக்கால் நிமிடம். உங்கள் எம்ஆர்டியைப் பார்த்தவர்களுக்கு இது பெரிதாகத் தோன்றாது. ஆனாலும் சுரங்கச் சுவரில் நீல விளக்கு தெரியும் அந்த முக்கால் நிமிடத்தில் பெட்டி முழுவதும் கைப்பேசியைத் தூக்கிப் படம் எடுக்கும், பாருங்கள்.

சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்புங்கள். முறைக்காதீர்கள், உங்கள் உடம்புக்கு அது எட்டு மணி. சிங்கப்பூர் நேரம் இரண்டரை மணி முன்னால் இருப்பதில் கிடைக்கும் ஒரே லாபம் இதுதான், அதை முதல் நாளே எடுத்துக்கொள்ளுங்கள். டிசம்பர் விடியலில் நன்றாகவே குளிரும். வங்காளிகள் எல்லாம் குரங்குக் குல்லாவுக்குள் இருப்பார்கள். நீங்களும் ஆளுக்கொரு ஸ்வெட்டர் எடுத்துவாருங்கள்.

ஹவுரா பாலத்தின் கொல்கத்தா முனையில், அடியிலேயே மல்லிக் காட் பூச்சந்தை. செண்டுமல்லிச் சரங்களைக் கப்பல் கயிறுபோல் சுருட்டி, ஆள் முகம் தெரியாமல் தலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவர்களால் நிற்க முடியாது. கத்தினால் உடனே ஒதுங்குங்கள், படம் அப்புறம். தரையெல்லாம் பூச்சேறு வழுக்கும் என்பதால் முழங்கால் வலிக்காரர் இதைத் தவிர்த்துவிட்டுப் பிறகு மெட்ரோவில் நேராக ஹவுரா வரட்டும். மற்ற ஐவரும் பாலத்தை நடந்தே கடங்கள். 1943 பிப்ரவரியில் திறந்த பாலம். 26,500 டன் எஃகு, பெரும்பகுதி டாடாவின் உருக்காலையிலிருந்து வந்தது. தண்ணீருக்குள் ஒரு தூண்கூட இல்லை. நட்டும் போல்ட்டும் கிடையாது, எல்லாம் ரிவெட். 1965இல் ரவீந்திர சேது என்று பெயர் மாற்றினார்கள். அந்தப் பெயரைச் சொல்லி டாக்ஸிக்காரரிடம் கேட்டுப் பாருங்கள், ஒரு நொடி யோசிப்பார்.

எல்லாரும் சேரும் இடம் ஸ்டேஷனின் பெரிய கடிகாரம். வங்காளியில் 'பொரோ கோரி'. 1926 முதல் அங்கே தொங்குகிறது, இரு பக்கமும் முகம். காதலர்களும் கல்யாணக் கோஷ்டியும் கால்பந்து பார்க்கப் போகிறவர்களும் 'பெரிய கடிகாரத்துக்குக் கீழே' என்று சொல்லித்தான் இந்த ஊரில் பிரிவார்கள். ஆனால் ஹவுரா ஸ்டேஷனுக்கு இரண்டு வளாகம், பழையது, புதியது. கடிகாரம் இருப்பது பழையதில். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த என் தம்பியின் நண்பர்கள் எட்டுப் பேரை நான் கூட்டிப்போனேன். "ஸ்டேஷன் வாசலில் நில்லுங்கள்" என்று மட்டும் சொல்லிவைத்தேன். இரண்டு பேர் புதிய வளாகத்தின் வாசலில் நின்றார்கள், நாங்கள் பழையதில். கூட்டத்தில் போனும் எடுக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. அன்றிலிருந்து யாரைக் கூட்டிப்போனாலும் கடிகாரம் தவிர வேறு இடம் சொல்வதில்லை.

தாத்தாவின் பேரனுக்கு இங்கே ஒரு மணி நேரமாவது தனியாகக் கொடுங்கள். ஹவுராவிலிருந்து முதல் ரயில் 1854 ஆகஸ்ட் 15 அன்று ஹூக்ளி என்ற ஊருக்குப் போனது. இப்போது நிற்கும் செங்கல் கட்டடம் ஹால்சி ரிக்கார்டோ வரைந்தது, 1905ஆம் ஆண்டு. தாத்தா வேலை பார்த்தது பெங்கால் நாக்பூர் ரயில்வேயா, கிழக்கு ரயில்வேயா என்று வீட்டில் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள். முதலாவது என்றால் அதன் தலைமையகம் அக்கரையில் கார்டன் ரீச். புதிய வளாகத்தை ஒட்டி ரயில் அருங்காட்சியகமும் இருக்கிறது. கோரமண்டல் எக்ஸ்பிரஸைப் பார்க்கும் ஆசை இருந்தால் அது 2022 முதல் ஷாலிமார் ஸ்டேஷனிலிருந்து கிளம்புகிறது என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்; தேடி ஏமாற வேண்டாம்.

ஸ்டேஷனுக்கு வெளியே கொச்சூரியும் உருளைக்கிழங்குக் கறியும் சாப்பிட்டுவிட்டு ஷிப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வாருங்கள். 55ஆம் எண் பஸ் வரும். ஆறு பேர் என்றால் இரண்டு டாக்ஸி வைத்துக்கொள்வது மேல். கர்னல் ராபர்ட் கிட் 1787இல் தொடங்கிய தோட்டம் இது. அதிலுள்ள ஆலமரம் ஒரே மரம் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், தோப்பு மாதிரி இருக்கும். பூஞ்சை பிடித்த நடுமரத்தை 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். நிற்பதெல்லாம் விழுதுகள். முழங்கால்காரருக்கு ஏற்ற சமதரை. திரும்பும்போது ஹவுரா படகுத்துறையிலிருந்து பாபுகாட்டுக்குப் படகில் போங்கள். ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்கும். நீர் வடிந்த நேரத்தில் துறைக்கு இறங்கும் சாய்பாலம் செங்குத்தாக இருக்கும், அவருக்குக் கைகொடுங்கள்.

ஞாயிறு காலை மெட்ரோ தாமதமாகத்தான் தொடங்கும். அதனால் காரில் பேலூர் மடத்துக்குப் போய்விடுங்கள். பெரிய கோயில் 1938 ஜனவரியில் பிரதிஷ்டையானது. எந்தப் பக்கமிருந்து பார்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்துக் கோயில், மசூதி, தேவாலயம் என்று சாயல் மாறும். நண்பகலுக்கு முன் சாத்திவிடுவார்கள். அங்கிருந்து தட்சிணேஸ்வரக் கோயிலுக்குப் படகு. அங்கேயும் நண்பகலில் நடை சாத்துவார்கள், கைப்பேசியை வெளியே கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். திரும்ப மெட்ரோ. பிற்பகலை யாருக்கும் ஒதுக்காதீர்கள். தூங்குகிறவர் தூங்கட்டும், சுற்றுகிறவர் சுற்றட்டும். கடை பார்க்கிறேன் என்று காலேஜ் ஸ்ட்ரீட்டுக்கு மட்டும் ஞாயிறன்று போகாதீர்கள், புத்தகக் கடைகள் பெரும்பாலும் பூட்டிக் கிடக்கும்.

சைவ நண்பருக்கு ஒரு வார்த்தை: 'நிராமிஷ்'. அதைச் சொல்லிக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 'பருப்பு' என்று நம்பி ஊற்றிக்கொண்டால் உள்ளே மீன் தலை இருக்கலாம். அது இங்கே விருந்துப் பண்டம், ஏமாற்று வேலை இல்லை. தாங்கவில்லை என்றால் தெற்கே லேக் மார்க்கெட். தமிழர்கள் பல தலைமுறையாக இருக்கும் பகுதி, தோசையும் ஃபில்டர் காப்பியும் கிடைக்கும்.

பணம். வந்திறங்கியதும் ஆளுக்கு ஆறாயிரம் ரூபாய் ஒரு பையில் போடுங்கள். விமானமும் அறையும் நீங்கலாக, சாப்பாடு, டாக்ஸி, படகு, டிக்கெட் எல்லாம் அதிலிருந்து. பையை வைத்திருப்பவர் கணக்கில் கறாரானவராக இருக்கட்டும், அன்பானவர் வேண்டாம். குடிக்கிறவர்கள் அந்தச் செலவைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். குழுக்கள் உடைவது பெரும்பாலும் அங்கேதான். டீக்கடைவரை கியூஆர் அட்டை தொங்கும், ஆனால் உங்கள் சிங்கப்பூர் செயலி அதில் வேலை செய்யும் என்று நம்பி வராதீர்கள். பணம் மாற்றும்போதே பத்து, இருபது, ஐம்பது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

விசாவைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 30 நாள் ஈ-விசாவுக்குப் பயணத்துக்கு முந்தைய 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க முடியும். ஒரு வருட ஈ-விசாவுக்கு 120 நாள் முன்பே போடலாம். அதை எடுங்கள். அரசுத் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள், அதைப்போலவே தோற்றம் தரும் தனியார் தளங்கள் கட்டணத்தைக் கூட்டி வாங்கும். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். 2025 அக்டோபர் முதல் மின்-வருகை அட்டையும் நிரப்ப வேண்டும், இறங்குவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள். ஓசிஐ அட்டை வைத்திருப்பவருக்கு விசா வேண்டாம்.

ஆறு பேருக்கும் அனுமதி வந்தபிறகே விமானச் சீட்டு போடுங்கள். அந்த ஒரு வருட விசாவில் எத்தனை முறையும் வரலாம். புலி கேட்டவரிடம் அதைச் சொல்லுங்கள், பிப்ரவரியில் அவர் மட்டும் தனியாக வந்துகொள்ளட்டும்.