நாற்சிலிண்டர் விரைவு வண்டியும் காலப் பொருத்தமும்

பழைய மோட்டார் வண்டிகளைப் போற்றுவோர் இரு வகையர். வண்டி தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளில் எவ்வாறு இருந்ததோ அவ்வாறே அதனை நிலைநிறுத்த விரும்புவோர் ஒரு வகையர். அக்காலத்து இளைஞர் அவ்வண்டியைக் குறைத்தும் கூட்டியும் வேகம் பெருக்கிய முறையிலே தாமும் அதனை மாற்றியமைத்து மகிழ்வோர் மற்றொரு வகையர். பின்னவர் கட்டும் வண்டியை அமெரிக்கர் ‘ஹாட் ராட்’ என்பர். நாம் அதனை விரைவு வண்டி என்று ஈண்டு வழங்குவோம். நான்கு சிலிண்டர் யந்திரத்தைக் கொண்டு, குறித்த ஒரு காலத்துக்கு முழுதும் பொருந்துமாறு அத்தகைய வண்டியைக் கட்டுவது எங்ஙனம் என்பதையும், தென்காசி, குற்றாலம் முதலிய நம் ஊர்ப்புறங்களில் அதனைக் கட்டி ஓட்டுதல் தகுமா என்பதையும் ஆராய்வோம்.

1. வரலாறு

போர்டு கம்பெனியார் 1908-ஆம் ஆண்டில் டி மாடல் வண்டியை வெளியிட்டனர். 1927 வரையில் அவ்வகை வண்டிகள் ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டன. அதன் யந்திரம் 2.9 லிட்டர் கொள்ளளவும் 20 குதிரைச் சக்தியும் உடையது. விலை மலிவும் அமைப்பின் எளிமையும் அதனை எளியவர் கைக்கும் எட்டச் செய்தன. பழகிக் கைமாறிய வண்டிகளை வாங்கிய இளைஞர் மட்கார்டையும் கூரையையும் கழற்றிப் பாரம் குறைத்தனர். பின்னர் யந்திரத்திலே கைவைத்தனர். செவர்லே சகோதரர் ‘பிரான்டினாக்’ என்னும் பெயரால் மேல்வால்வுடைய சிலிண்டர்த் தலைகளைச் செய்து விற்றனர். 1923-ஆம் ஆண்டு இண்டியானாபொலிஸ் 500 மைல் பந்தயத்தில், அத்தகைய தலை பொருத்திய போர்டு வண்டியொன்று ஐந்தாவதாக வந்து சேர்ந்தது.

1927-ஆம் ஆண்டின் இறுதியில் ஏ மாடல் வந்தது. அதன் சக்தி 40 குதிரை. 1932-இல் வந்த பி மாடல் நாற்சிலிண்டர் யந்திரம் 50 குதிரைச் சக்தி உடையதாயிற்று. அதே ஆண்டில் எட்டுச் சிலிண்டர் யந்திரமும் வெளிவந்தபோதிலும், நான்கையே நம்பி ஓட்டியவர் பலர். வின்பீல்டு கார்புரேட்டரும், ரைலி, கிரேகர் முதலிய சிலிண்டர்த் தலைகளும் அவர்களுடைய கருவிகள். கலிபோர்னியாவிலுள்ள மியூராக் என்னும் நீர் வற்றிய ஏரிப்படுகையே அவர்களுடைய ஓட்டக் களம். அங்கு ஒழுங்கின்றி ஓடியவர்களை முறைப்படுத்துவதற்கென 1937-ஆம் ஆண்டில் தென்கலிபோர்னியா நேரங்காண் சங்கம் அமைக்கப்பட்டது. ‘ஹாட் ராட்’ என்ற பெயரோ 1940-க்குப் பின்னரே பரவியது.

நம் நாட்டிலும் வண்டியை மாற்றியமைக்கும் கலை உண்டு. ஆனால் அதன் நோக்கம் வேறு. 1903-ஆம் ஆண்டில் சென்னையில் சிம்ப்சன் கம்பெனியார் நீராவி மோட்டார் வண்டியொன்றைக் கட்டினர். நம் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த திருக்குறுங்குடியில் 1877-இல் பிறந்த டி. வி. சுந்தரம் ஐயங்கார், 1911-இல் தொடங்கிய தொழிலை மதுரையில் பெருக்கி, ஊரோடு ஊரைப் பஸ்ஸினால் இணைத்தார். ஜி. டி. நாயுடு 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கினார். கடல் கடந்து வந்த சட்டத்தின்மேல் நம் தச்சரும் கொல்லரும் மரத்தால் கூடு கட்டினர். இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் அருகியபோது, ஐயங்கார் கம்பெனியார் கரிவாயுக் கருவியைச் செய்தளித்தனர். அமெரிக்க இளைஞன் வண்டியின் பாரத்தைக் கழித்து வேகம் தேடினான்; நம்மவர் பாரத்தைக் கூட்டிப் பலரை ஏற்றினர். இரண்டுக்கும் அடிப்படையான கைத்திறன் ஒன்றே.

2. யந்திரத்தின் இயல்பு

நாற்சிலிண்டர் யந்திரத்தில் ஒவ்வொரு பிஸ்டனும் உறிஞ்சல், அமுக்கல், எரிதல், வெளியேற்றல் என நான்கு வீச்சுகளை முறையே செய்கிறது. இந்நான்கும் முடியக் கிராங்க் தண்டு இருமுறை சுழல்கிறது. சிலிண்டர்கள் நான்காதலின், ஒவ்வோர் அரைச் சுழற்சிக்கும் ஒரு சிலிண்டரில் எரிதல் நிகழ்கிறது. டி, ஏ இரு மாடல்களிலும் எரியும் வரிசை 1, 2, 4, 3 என்பது. இரண்டு பிஸ்டன்கள் ஏறும்போது மற்றிரண்டு இறங்குமாதலால் பெரும்பாலான அசைவுகள் தம்முள் ஈடாகிவிடுகின்றன.

ஏ மாடல் யந்திரத்தில் சிலிண்டரின் விட்டம் 3⅞ அங்குலம். வீச்சு 4¼ அங்குலம். மாணாக்கர் தாமே கணக்கிட்டால், நான்கு சிலிண்டர்களின் கொள்ளளவு 200.5 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 3.3 லிட்டர் எனக் காண்பர். ஒரு சிலிண்டருக்கு 50.1 கன அங்குலம் ஆகும். அமுக்க விகிதம் 4.22-க்கு 1. ஆகவே பிஸ்டன் உச்சியில் நிற்கும்போது அதன்மேல் எஞ்சும் இடம் 50.1-ஐ 3.22-ஆல் வகுக்க வரும் 15.6 கன அங்குலம்.

வேகம் கூட்ட விரும்புவோன் முதலிற் செய்வது இவ்விடத்தைக் குறைத்தலே. விகிதத்தை 5.5 ஆக்க வேண்டுமாயின், மேலிடம் 50.1-ஐ 4.5-ஆல் வகுக்க வரும் 11.1 கன அங்குலமாக இருத்தல் வேண்டும். நாலரைக் கன அங்குலத்தைக் குறைக்கும் தலையொன்றைப் பொருத்தினால் போதும். பௌதிக நூலில் கற்பிக்கப்படும் ஆட்டோ சுழற்சிக் கணக்கின்படி, 4.22 விகிதத்தில் நூற்றுக்கு 44 பங்காக உள்ள கருத்தியல் திறன், 5.5 விகிதத்தில் 49 பங்காக உயர்கிறது. அதாவது அதே எண்ணெயிலிருந்து எட்டில் ஒரு பங்கு அதிக வேலை கிடைக்கிறது. நாற்பது குதிரை நாற்பத்தைந்தாகிறது என்று கொள்ளலாம். வகுப்பறையிலே கரும்பலகையில் எழுதிய சூத்திரம் பட்டறையிலே இவ்வாறு உயிர் பெறுகிறது.

அடுத்தது, காற்றும் எண்ணெய் ஆவியும் தாராளமாக உட்புகச் செய்தல். இரட்டைக் கார்புரேட்டரும், வால்வை அதிக நேரம் திறந்து வைக்கும் காம் தண்டும் இதற்கு உதவுவன. இவற்றால் யந்திரம் விரைந்து சுழலும். ஆனால் விரைவு ஒரு விலை கேட்கிறது. ஏ மாடல் யந்திரம் நிமிஷத்துக்கு 2,200 சுற்றில் தன் முழுச் சக்தியைத் தருவது. அதனை 3,000 சுற்றுக்கு ஏற்றினால், பிஸ்டன்களின் ஓட்டத்தை மறித்துத் திருப்பும் விசை சுற்றின் வர்க்கத்தைப் பொறுத்ததாகலின், 1.86 மடங்காகிறது. அதனைத் தாங்குவனவோ மூன்றே பிரதான பேரிங்குகள். அவை வெள்ளீயக் கலப்பு உலோகத்தை உருக்கி ஊற்றிச் செதுக்கியவை. பிஸ்டன் தண்டுகளின் அடிக்கு எண்ணெய் அழுத்தத்தோடு செல்வதில்லை. தொட்டியிலுள்ள எண்ணெயைத் தாமே முகந்து தெளித்துக்கொள்கின்றன. ஆதலின், சக்தி கூட்டுமுன் பேரிங்கைச் சோதித்து, கிராங்க் தண்டைச் சமன்செய்தல் இன்றியமையாதது. அடித்தளம் அறியாது மாடி எழுப்புவோன் நிலை பிறருக்கும் பாடமாகும்.

3. காலப் பொருத்தம்

விரைவு வண்டி கட்டுவோன் முதலில் ஓர் ஆண்டைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவ்வாண்டுக்குப் பின் தோன்றிய எப்பொருளும் வண்டியில் இடம்பெறலாகாது. இதுவே காலப் பொருத்தத்தின் விதி. 1932 என்று குறித்தவன் ஏ மாடல் சட்டம், பி மாடல் யந்திரம், கம்பிச் சக்கரம் ஆகியவற்றைக் கொள்ளலாம். பிளாஸ்டிக் மூடியும், மின்னணு எரியூட்டியும், குரோமியம் பூசிய புதுக் கடைச் சரக்கும் கொள்ளலாகாது. புதுத் துண்டைப் பழைய ஆடையோடு இணைத்தலைப் பற்றிய சுவிசேஷ உவமையை நம் மாணாக்கர் அறிவர். இணைப்பும் கெடும், ஆடையும் கெடும் என்னும் உண்மை வண்டிக்கும் ஒக்கும்.

எனினும் இவ்விதியை உயிருக்கு மேலாகக் கொள்ளுதல் பேதைமை. ஓடும் வண்டியின் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மணிக்கு 40 மைலில் ஓடுவதை 60 மைலுக்கு உயர்த்தினால், அதனை நிறுத்துவதற்கு 2.25 மடங்கு வேலை செய்தாக வேண்டும். டி மாடலில் ஓட்டுவோன் கால் மிதிக்கும் பிரேக் கியர்ப்பெட்டியினுள்ளே மட்டும் பற்றுவது. ஏ மாடலில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் உண்டெனினும், அது இரும்புக் கம்பிகளால் இழுக்கப்படுவது. போர்டு கம்பெனியார் எண்ணெய் அழுத்த பிரேக்கை 1939 மாடல் முதலே பொருத்தினர். அக்கால இளைஞர் அதனைக் கழற்றித் தம் பழைய வண்டிகளிலே பொருத்திக்கொண்டனர். ஆதலால், 1932 என்பதற்குப் பதில் 1940 என்று ஆண்டைக் குறித்தால், நல்ல பிரேக்கும் கிடைக்கும், வரலாறும் பிழைபடாது. ஆண்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கட்டுவோனுடையது. அதனை அறிவோடு தேர்தல் அவன் கடமை.

எக்காலத்தைக் குறித்தாலும் கொள்ளத்தகாத பழமையும் உண்டு. அக்காலப் பிரேக் பட்டைகளில் கல்நார் சேர்ந்திருந்தது. அதன் தூள் நுரையீரலிற் புகுந்து புற்றுநோய் விளைப்பது இன்று உறுதிப்பட்ட உண்மை. கல்நார் இல்லாத பட்டையை இடுதல் காலத்துக்குச் செய்யும் துரோகமன்று. எரிபொருளும் அவ்வாறே. இன்று நம் நாட்டுப் பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய கார்புரேட்டர்களின் தக்கை மிதவைகள் அரக்குப் பூசியவை. அரக்கைக் கரைப்பது எத்தனாலின் இயல்பு. அரக்குக் கரைந்தால் தக்கை எண்ணெய் குடித்து அமிழும்; எண்ணெய் வழிந்து சூடான குழாயின்மேற் சொட்டும். ஆகவே பித்தளை மிதவை இடுதலே நன்று. அதுவும் அக்காலத்தில் வழங்கியதே.

4. நம் ஊர்ச் சாலை

தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மேற்கே செங்கோட்டையைக் கடந்தால் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாலை மலையேறுகிறது. டி மாடலில் எண்ணெய்த் தொட்டி இருக்கையின் கீழ் இருந்தது. எண்ணெய் தன் பாரத்தாலேயே கார்புரேட்டருக்கு இறங்க வேண்டும். தொட்டியில் எண்ணெய் குறைந்திருக்கச் செங்குத்தான மேட்டில் ஏறினால், கார்புரேட்டர் மேலும் தொட்டி கீழுமாகி ஓட்டம் நின்றுவிடும். அதனால் அவ்வண்டியை மேட்டின்மேற் பின்னோக்கி ஓட்டி ஏற்றுதல் பல நாடுகளிலும் வழக்கமாயிருந்தது. ஏ மாடலில் தொட்டி முன்கண்ணாடியின் கீழே உயர வைக்கப்பட்டதால் இத்தொல்லை நீங்கியது.

ஆனி, ஆடியில் சாரல் விழும். மட்கார்டு இல்லாத வண்டியில் சக்கரம் வாரியிறைக்கும் சேறு ஓட்டுவோன் கண்ணிலும் பின்வருவோர் மேலும் தெறிக்கும். நனைந்த பிரேக் பட்டை பற்றாது. அருவியாட வரும் மக்கள் குழந்தைகளோடு சாலையை நிறைத்துச் செல்லும் காலமும் அதுவே. வேகம் காட்டுதற்கு அச்சாலை களமன்று. கலிபோர்னியத்தாருக்கு வற்றிய ஏரி இருந்தது. நமக்கு இருங்காட்டுக்கோட்டையிலும் கோயம்புத்தூரிலும் ஓட்டப் பாதைகள் உண்டு.

5. சட்டமும் அறமும்

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு, செய்தவர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுதலைத் தடுக்கிறது. 2021-ஆம் ஆண்டில் வந்த பழம்பெரும் வாகன விதிகள், முதற் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்னும் தனிக்குறியோடு பதிவு அளிக்கின்றன. ஆனால் சட்டமோ கூடோ யந்திரமோ மாற்றப்படாமல் மூலவடிவில் இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே முழுமையான ஏ மாடல் ஒன்றை விரைவு வண்டியாக்குவோன், அதன் பதிவுரிமையையும் இழப்பான். மீண்டும் கிடைத்தற்கரிய சான்றொன்றையும் அழிப்பான்.

தென்காசிக் காசிவிசுவநாதர் கோயிற் கோபுரம் நெடுங்காலம் பாழ்பட்டு நின்று, புதுப்பிக்கப்பெற்று 1990-ஆம் ஆண்டில் குடமுழுக்குக் கண்டது. இடிந்ததை எடுத்துக் கட்டினர், நிற்பதை இடித்தாரில்லை. வண்டிக்கும் இதுவே நெறி. முழுதாய் நிற்கும் வண்டி எதுவாயினும் அதனைக் காத்தலே கடன். கூடிழந்த சட்டமும், கிணற்றங்கரையில் நீரிறைத்துத் தேய்ந்த யந்திரமும், துருவேறிய சக்கரமும் தனித்தனியே கிடைக்குமாயின், அவற்றைச் சேர்த்து விரைவு வண்டி கட்டுதல் அழிவன்று, ஆக்கமே. அதனையும் தனியிடத்திலோ ஓட்டப் பாதையிலோ மட்டும் ஓட்டல் வேண்டும். எப்பொருள் எவ்வாண்டினது, எது புதிதாய்ச் செய்தது என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வண்டியோடு வைத்தல் வேண்டும். பிற்காலத்தார் நம் கைவேலையைப் பழம்பொருளென மயங்காதிருத்தற்கு அது உதவும்.

உலோகம் உருக்கிப் பேரிங் ஊற்றவும், காதால் கேட்டே எரியூட்டும் நேரத்தைத் திருத்தவும் வல்ல முதியோர் நம் ஊர்ப் பட்டறைகளில் அருகி வருகின்றனர். வண்டியின் உறுப்பு கெட்டால் வேறொன்று கடையலாம். அக்கைத்திறன் மறைந்தால் கடைந்து கொள்ளவியலாது. பௌதிகம் பயிலும் மாணாக்கர் விடுமுறை நாட்களில் அத்தகையோரை அணுகி, அவர் செய்வதைக் கண்டு, அளவுகளோடு எழுதி வைப்பாராக. வண்டி கட்டும் வாய்ப்பு எல்லார்க்கும் வாய்ப்பதன்று. இப்பணியோ ஒரு பென்சிலும் சிறிது பொறுமையும் உடைய எவர்க்கும் இயலும்.