ஆங்கிலம் பழகுவோம்: 'அப் இன் தி ஏர்'



பேங்க்கில் குழுக் கடனுக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். மேனேஜர் போனில் யாரிடமோ நம்ம குழுவைப் பற்றி, 'தெயர் லோன் இஸ் ஸ்டில் அப் இன் தி ஏர்' என்கிறார். 'ஏர்' என்றால் காற்று. அதனால் கடன் காத்தோட போச்சு என்று எழுந்து வந்துவிடாதீர்கள். கிடைச்சாச்சு என்றும் அர்த்தம் இல்லை. இன்னும் முடிவாகலை, அவ்வளவுதான்.

டாஸ் போடுகிற காசை நினைத்துக்கொள்ளுங்கள். சுண்டியாச்சு, கீழே விழலை. பூவா தலையா யாருக்கும் தெரியாது. 'இழுபறியா இருக்கு', 'அந்தரத்துல நிக்குது' என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

'ஸ்டில்' என்றால் 'இன்னும்'. கல்யாணத் தேதி குறிக்கவில்லையா? 'த வெட்டிங் டேட் இஸ் ஸ்டில் அப் இன் தி ஏர்' என்று சொல்லலாம். 'அப்' என்பதை விட்டுவிட்டால் அர்த்தமே மாறிவிடும். 'தீபாவளி இஸ் இன் தி ஏர்' என்றால் ஊரெல்லாம் தீபாவளிக் களை வந்தாச்சு என்று பொருள்.

இது பெரும்பாலும் விஷயத்துக்குச் சொல்வது. முடிவெடுக்காமல் தயங்கும் ஆளைச் சொல்ல 'ஆன் தி ஃபென்ஸ்' என்பார்கள். ஃபென்ஸ் என்றால் வேலி. அவர்களுக்கு வேலி மேல் ஆள், நமக்கு மதில் மேல் பூனை! நம்ம பூனைதான் அழகு.

சரி, கடனுக்கு வருவோம். 'அப் இன் தி ஏர்' என்று காதில் விழுந்தால் மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். கடன் வந்ததும் அடைச்சிடலாம் என்று வட்டிக்கும் வாங்காதீர்கள். 'வாட் இஸ் பெண்டிங், சார்?' என்று கேளுங்கள். என்ன பாக்கி இருக்கு என்று அர்த்தம். தீர்மான நகலா, கையெழுத்தா, போட்டோவா என்று அவரே சொல்லுவார். தமிழிலேயே கேட்டாலும் தப்பில்லை.

'சாங்ஷன்ட்' என்றால் கடன் ஒப்புதல் ஆகிவிட்டது. ஆனாலும் பணம் கணக்கில் ஏறியதா என்று பாஸ்புக்கில் வரவு பார்க்க வேண்டும். 'ரிஜெக்டட்' என்றால் மறுத்தாச்சு. கடன் மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், மறுத்தால் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது 2003-ல் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்ன நடைமுறை. சின்னக் கடன்தானே என்று விடாமல் கேட்டு வாங்குங்கள். அந்தச் சீட்டைத் தீர்மான நோட்டோடு சேர்த்து வையுங்கள்.