ஆடிக் கடல்: அலைச்சறுக்குக்குக் கிளம்பும் பனமரத்துப்பட்டி இளைஞர்கள் கவனத்திற்கு

காலம்: ஆனி, ஆடி மாதங்கள்

கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் இப்போது நல்ல அலை வரும் பருவம். கோவளம் மீனவர் மூர்த்தி மேகவன் 2012-இல் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசியப் போட்டியே நடந்தது. நம் பக்கத்துப் பிள்ளைகளும் சேலத்தில் பஸ் ஏறத் தொடங்கிவிட்டார்கள்.

நாம் கிணற்றில் குதித்து நீச்சல் பழகியவர்கள். கிணற்றின் தரை நகராது. கடலில் அலை மணல்திட்டின் மேல் ஏறி உடைகிறது. நீரோட்டம் அந்தத் திட்டையே இடம் மாற்றிவிடும். நேற்று முழங்கால் அளவு இருந்த இடம் இன்று கழுத்தளவு பள்ளமாகியிருக்கலாம். எனவே நீச்சல் தெரியும் என்ற தைரியத்தில் மட்டும் இறங்காதீர்கள்.

கிளம்பும் முன்

• ஹைதராபாத் இன்காய்ஸ் மையத்தின் அலை முன்னறிவிப்பைப் பாருங்கள். உயரம் மட்டும் போதாது. எத்தனை வினாடிக்கு ஓர் அலை என்பதும் முக்கியம். ஒரு மீட்டர் அலையே ஆனாலும், 14 வினாடிக்கு ஒன்று வருவது 7 வினாடி அலையைவிட பலமாக அடிக்கும்.

• ‘கள்ளக்கடல்’ எச்சரிக்கை இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். தொலைவில், தென் இந்தியப் பெருங்கடலில் வீசிய புயலின் அலை இங்கே காற்றில்லாத நாளிலும் வந்து மோதும். 2024 மே 6-இல் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐவர் உயிரிழந்தது அப்படியொரு எச்சரிக்கைக் காலத்தில்தான்.

கரையில்

• விடியற்காலையில் போய்விடுங்கள். நம் அரளித் தோட்டங்களை உலுக்கும் மேற்குக் காற்று அங்கே கரையிலிருந்து கடலுக்கு வீசும். அலை சீராக எழும். பலகையையும் அதே காற்று கடலுக்குள் தள்ளும், கவனம். பகலில் கடற்காற்று எழுந்ததும் அலை கலைந்துவிடும்.

• கால் மணி நேரம் நின்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும்; நடுவில் கடல் சும்மா கிடப்பதுபோல் இருக்கும்.

• இருபுறமும் வெள்ளை நுரை, நடுவில் மட்டும் அலை உடையாத கலங்கல் தண்ணீர் கடல் பக்கம் ஓடுகிறதா? அதுதான் இழுப்பு. புதியவர் கண்ணுக்கு இறங்கத் தோதான இடமாகவே தெரியும். அங்கே இறங்காதீர்கள்.

தண்ணீரில்

• பயிற்சியாளரோடு, மென்மையான நீளப் பலகையில், இடுப்பளவு தண்ணீரிலேயே பழகுங்கள். கணுக்கால் கயிற்றைக் கட்டாமல் இறங்க வேண்டாம்.

• அலைக்கும் உங்களுக்கும் நடுவில் பலகை இருக்கக்கூடாது. மோதினால் பல் போகும். விழும்போது தட்டையாக விழுந்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்ளுங்கள்.

• இழுப்பில் சிக்கினால் கரையை நோக்கி மல்லுக்கட்டாதீர்கள். பலகையைப் பிடித்து மிதந்து, கையை உயர்த்துங்கள். முடிந்தால் கரைக்கு இணையாக நீந்தி வெளியே வாருங்கள்.

• வலை இழுக்கும் இடத்திலும் படகு ஏறி இறங்கும் இடத்திலும் குறுக்கே போகாதீர்கள்.

அடுத்த மாதங்கள்

ஐப்பசி முதல் மார்கழி வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும் வரும், அப்போது வேண்டாம். முதன்முதலாகப் பழகுபவர்களுக்கு அலை சிறுத்திருக்கும் தை, மாசி நல்லது.

‘இன்றைக்கு இறங்க வேண்டாம்’ என்று பயிற்சியாளர் சொன்னால், பஸ் காசு வீணாயிற்றே என்று கணக்குப் பார்க்காமல், மாமல்லபுரம் சிற்பங்களைப் பார்த்துவிட்டு வீடு திரும்புங்கள்.