எண்ணிக் காத்த ஆறு

நுழையும்முன்

பிழைப்பிற்காகப் பிறந்த ஊரை விட்டுச் செல்லும் மனிதர் உண்டு. இரை தேடிப் பிறந்த ஆற்றை விட்டுச் செல்லும் மீனும் உண்டு. அம்மீன் திரும்பி வரும் வழி அடைபட்டால் என்ன ஆகும்? அவ்வழி மீண்டும் திறந்தபின், மீன்கள் வந்துசேர்ந்தனவா என்பதை எவ்வாறு அறிவது? இப்பாடம் அதனை விளக்குகிறது.

ஆறும் மீனும்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் எல்வா என்னும் ஆறு ஓடுகிறது. ஒலிம்பிக் மலைத்தொடரில் தோன்றும் அது, சுமார் 70 கிலோமீட்டர் ஓடிக் கடலில் கலக்கிறது. அதன் கரையில் கிளாலம் என்னும் தொல்குடி மக்கள் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். சால்மன் மீன் அவர்களின் உணவாகவும் சடங்குகளின் அங்கமாகவும் விளங்குகிறது.

சால்மன் ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மீண்டும் தான் பிறந்த ஆற்றிற்கே வருகிறது. அந்த ஆற்று நீரின் மணமே அதற்கு வழிகாட்டுகிறது. பெண் மீன் வாலால் கூழாங்கற்களை விலக்கிக் குழி பறித்து முட்டையிடும்; பின்னர் அதனைக் கற்களால் மூடும். சினூக் என்னும் பெரிய சால்மன் வகை, முட்டையிட்டபின் ஆற்றிலேயே இறந்துவிடுகிறது.

அடைபட்ட வழி

1913ஆம் ஆண்டில், கடலிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தொலைவில் மின்சாரத்திற்காக ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டது. மீன்கள் ஏறிச் செல்ல அதில் வழி அமைக்கப்படவில்லை. 1927இல் அதற்கு மேலே இரண்டாம் அணையும் எழுந்தது. மலைவரை சென்ற மீன்கள் முதல் அணையின் அடியிலேயே நின்றுவிட்டன. அவற்றின் தொகை ஆண்டுதோறும் குறைந்தது.

கிளாலம் மக்கள் பல்லாண்டுகள் முறையிட்டனர். ஆற்றை மீட்பதற்கான சட்டம் 1992இல் இயற்றப்பட்டது. 2011இல் தொடங்கிய அணை அகற்றும் பணி 2014இல் நிறைவுற்றது. மீன்கள் பெருகுவதற்காக, 2011 முதல் ஆற்றில் மீன்பிடித்தல் நிறுத்தப்பட்டது. உரிமை பெற்ற கிளாலம் மக்களும் தம் வலைகளைச் சுருட்டி வைத்தனர்.

மீண்டும் எப்பொழுது வலை வீசலாம்? அவசரப்பட்டால், திரும்பிவரும் சில மீன்களும் அழிந்துவிடும். ஆகவே முதலில் மீன்களை எண்ண வேண்டியதாயிற்று.

பருவந்தோறும் பணி

கிளாலம் மக்களின் மீன்வளப் பணியாளர்களும் அரசின் அறிவியலாளர்களும் இப்பணியில் இணைந்தனர்.

இளவேனிலில் குஞ்சுகள் கடலை நோக்கிச் செல்லும். அப்பொழுது, நீரோட்டத்தால் சுழலும் கூம்பு வடிவப் பொறியை ஆற்றில் மிதக்கவிடுவர். அதனுள் வந்து சேரும் குஞ்சுகளை எண்ணி, அளந்து, உயிருடன் மீண்டும் ஆற்றில் விடுவர்.

கோடையில் பெரிய மீன்கள் கடலிலிருந்து வரத் தொடங்கும். அணைகளின் பின்னே தேங்கியிருந்த வண்டல் கரைந்து வந்ததால், ஆறு கலங்கி ஓடியது. கலங்கிய நீரில் கண்ணுக்கு மீன் புலப்படாது. எனவே, ஒலியலையால் உருவங்காட்டும் சோனார் கருவியை நீருக்குள் பொருத்தினர். அது இரவிலும் பகலிலும் மீன்களைப் படமாகக் காட்டும். மேலே சென்றவற்றின் தொகையிலிருந்து கீழே திரும்பியவற்றின் தொகையைக் கழித்தால், ஆற்றில் ஏறிய மீன்களின் அளவு புலனாகும்.

இலையுதிர் காலத்தில் பணியாளர்கள் குளிர்ந்த நீரில் நடந்தே முட்டைக்குழிகளைத் தேடுவர். கண்ட குழிக்கு அருகிலுள்ள கிளையில், நாள் குறித்த வண்ண நாடாவைக் கட்டுவர். இறந்த மீனின் நீளத்தை அளப்பர். அதன் செதிலில் உள்ள வளையங்கள் அதன் வயதைக் கூறும். தலைக்குள் இருக்கும் சிறிய காதுக்கல், அது ஆற்றில் பிறந்ததா, பண்ணையில் பொரித்ததா என்பதை உணர்த்தும். ஒருமுறை எண்ணிய மீனை மறுமுறை எண்ணாதிருக்க, அதன் வாலை வெட்டி அடையாளம் இடுவர்.

ஓர் ஆண்டின் கணக்கு மட்டும் போதாது. இவ்வாண்டு கடலுக்குச் செல்லும் குஞ்சு, சில ஆண்டுகள் கழித்தே திரும்பி வரும். ஆதலால் ஆண்டுதோறும் அதே பணியை அதே முறையில் செய்ய வேண்டும்.

காத்திருப்பின் பயன்

பன்னிரண்டு ஆண்டுகள் கடந்தன. கோஹோ என்னும் சால்மன் வகை போதிய அளவு பெருகியதைக் கணக்குகள் காட்டின. 2023ஆம் ஆண்டு அக்டோபரில், கிளாலம் மக்கள் தம் சடங்கிற்காகவும் உணவிற்காகவும் அளவோடு கோஹோ மீன்களைப் பிடித்தனர். சினூக் மீன்களுக்கு இன்னும் காலம் தேவை என்பதால், அவற்றைப் பிடிக்கவில்லை. எவ்வளவு உள்ளது என்று அறிந்தவரே எவ்வளவு எடுக்கலாம் என்று அறிவர்.

சொற்பொருள்

தொல்குடி – பழங்காலம் முதல் வாழும் மக்கள்
வண்டல் – நீர் கொண்டுவந்து சேர்க்கும் மண்
பொறி – பிடிப்பதற்கான கருவி
புலப்படாது – தெரியாது

பயிற்சி

1. பிரித்து எழுதுக: நீரோட்டம், மீன்வளம், ஒலியலை.
2. சோனார் கருவி ஒரு நாளில் மேலே சென்ற மீன்கள் 54 எனவும், கீழே திரும்பியவை 9 எனவும் காட்டினால், ஆற்றில் ஏறிய மீன்கள் எத்தனை?
3. இறந்த மீனிலிருந்து பணியாளர்கள் அறியும் செய்திகள் யாவை?
4. கிளாலம் மக்கள் தம் வலைகளைச் சுருட்டி வைத்தது ஏன்? உம் சொற்களில் எழுதுக.
5. உம் ஊரில் ஓடும் ஆற்றின் பெயரையும், உம் பெற்றோரின் ஊருக்கு அருகில் ஓடும் ஆற்றின் பெயரையும் கேட்டறிந்து, இரண்டையும் பற்றி ஐந்து தொடர்கள் எழுதுக.