குழந்தையின் இரத்தத்தில் ஒரு நொதி

குழந்தைக்குப் பல நாளாகக் காய்ச்சல், முகம் வெளிறுகிறது, அடிபடாமலே உடலில் நீலத் தடங்கள் தோன்றுகின்றன. இரத்தத்தைச் சோதித்த மருத்துவர், ‘எல்.டி.எச்.’ என்னும் நொதி மிகுந்துள்ளது என்கிறார். புற்றுநோயேதான் எனப் பெற்றோர் கலங்கிவிடுகின்றனர்.

இந்நொதி நம் உடலின் எல்லா உயிரணுக்களிலும் உண்டு. அணுக்கள் சிதையும்போது அது இரத்தத்தில் கலக்கிறது. இரத்தப் புற்றில் மட்டுமன்று, கல்லீரல் நோயிலும் தசைக் காயத்திலும் மிகும். ஏன், எடுத்த இரத்தம் குழாயிலேயே சிதைந்தாலும் மிகும்! அளவு சரியாக இருப்பதாலேயே நோயில்லை என்றும் கூறிவிட இயலாது.

எலும்பினுள் இருக்கும் மஜ்ஜையை எடுத்து ஆராய்ந்தே இரத்தப் புற்றை உறுதி செய்கின்றனர். அதற்கு அஞ்சிக் குழந்தையுடன் வீடு திரும்பிவிடுவோரை எண்ணியே இதனை எழுதுகிறோம். சிறுவரிடையே மிகுதியாகக் காணும் இரத்தப் புற்றுக்கு மலேசியாவும் சிங்கப்பூரும் கூட்டாக நடத்திய ‘மா-ஸ்போர் 2003’ சிகிச்சை ஆய்வில், 10 குழந்தைகளில் 8 பேருக்கு மேல் உயிர் பிழைத்தனர்.