மழைக்காலம் முடியட்டும், அதற்குப் பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்

வேலை மாற்றலாகிச் சென்னைக்கு வருகிறவர்கள் வீடு தேடும்போது முதலில் கேட்பது, ஆபீஸ் எவ்வளவு தூரம் என்றுதான். அந்தக் கேள்வியை நான்காவதாகக் கேளுங்கள். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்பது முதல் கேள்வி. மழை பொய்த்தால் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது இரண்டாவது. பெரியவர்களும் பிள்ளைகளும் பகலெல்லாம் அந்த வீட்டில் எப்படி இருப்பார்கள் என்பது மூன்றாவது. ஐந்தாறு வருஷத்துக்குள் ஒரு வீட்டை வாங்கி, விற்று, இன்னொன்றை வாங்க நேர்ந்த குடும்பம் எங்களுடையது. அதனால் இதை அழுத்தமாகவே சொல்கிறேன்.

2018 கடைசியில் என் கணவருக்குச் சோழிங்கநல்லூருக்கு மாற்றல் வந்தது. பாளையங்கோட்டையில் பார்த்துவந்த ஆசிரியை வேலையை விட்டேன். மாமா, அத்தை, இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேரும் கிளம்பி வந்து மேடவாக்கத்தில் வாடகைக்கு இருந்தோம். ஒரு வருஷமாவது அப்படியே இருப்போம், ஊரைத் தெரிந்துகொண்டு வாங்குவோம் என்பது என் எண்ணம். பெங்களூரில் இருக்கும் கணவரின் அண்ணன் ஒரு விடுமுறையில் வந்தார். “மாசம் பதினெட்டாயிரம் தண்டமால்லா போகுது? அதையே தவணையா கட்டினா வீடு நமக்குச் சொந்தம்லா” என்றார்.

“ஒரு மழைக்காலத்தைப் பாத்துட்டு வாங்குவோமே அத்தான்” என்றேன்.

“மழைக்குப் பயந்தா மெட்ராஸ்ல ஒருத்தனும் வீடு வாங்க முடியாதும்மா” என்று சிரித்தார்.

என் கணவர் அண்ணன் பேச்சைத் தட்டமாட்டார். 2019 ஏப்ரலில், பெரும்பாக்கம் பக்கம் ஓர் அடுக்ககத்தில் நான்காவது மாடி வீடு எங்கள் பெயருக்குப் பதிவானது. தவணை மாதம் நாற்பத்தாறாயிரம். பதினெட்டாயிரத்தைத் தண்டம் என்றவர், மேற்கொண்டு போன இருபத்தெட்டாயிரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபீசுக்கு பைக்கில் கால் மணி நேரம் என்பதையே எல்லோரும் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

எந்தக் கோடையில் வாங்கினோம் என்பதைக் கவனியுங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் என்று சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளெல்லாம் வறண்ட கோடை அது. பால்கனியில் நின்றால் தெரிந்த வெட்டவெளி கட்டாந்தரையாகக் கிடந்தது. அங்கே பூங்கா வரும் என்றார் தரகர். பள்ளிக்கரணைக் கழுவெளியின் ஓரம் அது என்று எங்களுக்குச் சொல்ல யாரும் இல்லை.

கழுவெளி எப்படி வேலை செய்கிறது என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். தென்சென்னையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இருக்கிற ஏரிகள் ஒன்று நிரம்பி அடுத்ததில் வழிந்து, கடைசியில் பள்ளிக்கரணையில் வந்து சேர்கின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலில் கலக்க வேண்டும். வருகிற வழி அகலம், போகிற வழி குறுகல். கடல் மட்டம் உயர்ந்திருக்கும் நேரத்தில் தண்ணீர் வடிவது இன்னும் மெதுவாகும். அதனால் மழை நின்ற பிறகும் இந்தப் பகுதியில் வெள்ளம் நிற்கும். வானம் வெளுத்த பிறகுகூட மட்டம் ஏறும். 2022-இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட 1,247 ஹெக்டேர், பழைய கழுவெளியில் மிச்சமிருக்கும் ஒரு பகுதிதான். அந்த எல்லைக்கு வெளியே இருப்பதாலேயே ஓர் இடம் மேடாகிவிடாது.

வாங்கிய சில வாரங்களிலேயே இரண்டாவது கேள்வி கதவைத் தட்டியது. ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர், அதுவும் பாதி நாள் காற்றுதான் வந்தது. லாரித் தண்ணீரை நம்பியே குடித்தனம். பராமரிப்புக் கட்டணம் ஏறியது, குளிக்கிற நேரத்துக்குக் குடியிருப்போர் சங்கம் அட்டவணை போட்டது. ஆகவே வீடு பார்க்கப் போனால் குடிநீர் வாரிய இணைப்பு உண்டா என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அந்தக் குழாயில் தண்ணீர் வருகிறதா, கோடையில் மாதம் எத்தனை லாரி வாங்குகிறார்கள் என்று சங்கத்தின் கணக்கு நோட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அந்த வீடு வேண்டாம்.

அலுவலக தூரமாவது மிஞ்சியதா? 2020-இல் கொரோனா வந்தது, ஆபீஸ் வீட்டுக்குள் வந்துவிட்டது. 2022-இல் திரும்பக் கூப்பிட்டபோது நிறுவனம் அம்பத்தூருக்கு இடம் மாறியிருந்தது. எந்தக் கால் மணி நேரத்துக்காக இருபது வருஷக் கடன் வாங்கினோமோ, அது மூன்று வருஷத்தில் காணாமல் போனது. தனியார் வேலையில் இருக்கும் நம் போன்ற குடும்பங்களில் நடப்பது இதுதான். வாடகை வீடு என்றால் ஆபீசின் பின்னால் நாமும் போய்விடலாம்.

பிறகு 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3, 4 தேதிகளில் சென்னையில் பல இடங்களில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. நான்காவது மாடிக்கு என்ன வரப்போகிறது என்று வாங்கும்போது சொன்னவர்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அடுக்ககத்தின் உயிரெல்லாம் தரையில்தான் இருக்கிறது. டிரான்ஸ்பார்மர், ஜெனரேட்டர், மின்பலகை, சம்ப், கழிவுநீர்த் தொட்டி எல்லாம் கீழே. எங்கள் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் ஏறியதும் மின்சாரம் போனது, லிஃப்ட் நின்றது, சம்பில் சாக்கடை கலந்தது, கைபேசிகளும் அடங்கின. எழுபத்தெட்டு வயது மாமாவுக்கு நாலு மாடி இறங்க முடியாது. அவருடைய இன்சுலின் ஃப்ரிட்ஜில் இருந்தது. அத்தைதான் ஊரிலிருந்து கொண்டுவந்த மண்பானையைத் தேடி எடுத்து, இருந்த கொஞ்சம் குடிநீரை அதில் ஊற்றி, மருந்தைப் பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதற்குள் வைத்தார். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ஒரு மண்பானை இருக்கட்டும். படகு வந்தபோது மாமாவை நாற்காலியில் உட்காரவைத்து நான்கு இளைஞர்கள் படி வழியாக இறக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் யாரென்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. அவர்கள் நன்றாக இருக்க வேண்டும்.

கார் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்யக் கூடாது. சாவியைத் திருப்பியதால் எஞ்சின் கெட்டால், எஞ்சின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசி இல்லாதவர்களுக்குப் பொதுவாக அந்தச் செலவு கிடைக்காது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருந்தால் வெள்ளச் சேதத்துக்கு எதுவுமே கிடையாது.

வீட்டை விற்க முடிவு செய்தோம். வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றே ஒன்று: டிசம்பரில் தண்ணீர் வந்ததா? “நாலாவது மாடிக்கு வரலைன்னு சொல்லும்மா, பொய் இல்லையே” என்று போனில் சொன்னார் அத்தான். நான் உள்ளதை உள்ளபடி சொன்னேன். கீழே எதுவரை நின்றது என்று தூணில் இருந்த கறையையே காட்டினேன். நாங்கள் எதிர்பார்த்த விலை கிடைக்கவில்லை. குறைந்த விலைக்குத்தான் போனது. இன்னொரு குடும்பத்தின் தலையில் ஏமாற்றிக் கட்டவில்லை என்ற நிம்மதி எனக்கு உண்டு.

அவசரப்பட்டு வாங்குவதில் உள்ள நஷ்டம் விலையோடு முடியாது. 2019-இல் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 4 என்று 11 சதவீதம் கட்டினோம். 2023-இலிருந்து பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதால் மொத்தம் 9. எப்படிப் பார்த்தாலும், விற்கும்போது திரும்ப வராத பணம் அது. வருமான வரியில் இன்னொரு அடி. வீடு கைக்கு வந்த நிதியாண்டின் முடிவிலிருந்து 5 ஆண்டுக்குள் விற்றால், அசலுக்காக 80சி பிரிவில் கழித்துக்கொண்ட தொகை முழுவதும் விற்ற ஆண்டின் வருமானத்தில் சேரும். இது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. வாடகை தண்டம் என்கிறவர்களிடம் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள்.

வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம், பட்டா, சிஎம்டிஏ அனுமதி, பணி முடிப்புச் சான்றிதழ், ரெரா பதிவு எண், பிரிபடாத பாகம் எவ்வளவு என்பதெல்லாம் பார்க்க வேண்டியவைதான். நல்ல வக்கீல் பார்த்துவிடுவார். எங்களுடைய ஆவணங்களில் ஒரு குறையும் இல்லை. வங்கியின் வக்கீல் பார்த்தார், மதிப்பீட்டாளர் வந்தார், கடன் மளமளவென்று கிடைத்தது. வங்கி கடன் கொடுத்தாலே இடம் நல்ல இடம் என்று நம்புகிறோம். வக்கீல் பார்ப்பது சொத்து யாருடையது என்பதை. தண்ணீர் எதுவரை ஏறும் என்று சொல்வது அவர் வேலை இல்லை. அதை நாம்தான் விசாரிக்க வேண்டும்.

விசாரிக்கும் வழி இருக்கிறது. அரசின் நில ஆவண இணையதளத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் புலப்படமும் ஏ-பதிவேடும் பாருங்கள். உங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், சுற்றியுள்ள எண்களையும் பாருங்கள். ஏரி, ஓடை, வாய்க்கால் என்று எது வந்தாலும் கிராம வரைபடத்தில் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று விரலை வைத்துத் தேடுங்கள். வாய்க்கால் இன்று சாலையாகியிருக்கலாம், மழைத் தண்ணீர் பழைய வழியிலேயே வரும். கழுவெளிக்கு அருகே என்றால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2025 செப்டம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, ராம்சர் எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் புதிய கட்டட அனுமதி தருவதை நிறுத்திவைக்கச் சொன்னது. அங்கே அட்வான்ஸ் கொடுக்குமுன் தற்போதைய நிலையை வக்கீலிடம் கேட்டுவிடுங்கள்.

அதன் பிறகு தெருவில் நடங்கள். பழைய வீடுகளின் வாசல் சாலைக்குக் கீழே இருக்கிறதா, புதிய கட்டடங்கள் மட்டும் ஆளுயரம் மண் கொட்டி எழும்பி நிற்கின்றனவா என்று பாருங்கள். தரகரைக் கேட்காதீர்கள், வீட்டுச் சொந்தக்காரரைக் கேட்காதீர்கள். இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள், பால் போடுகிறவரைக் கேளுங்கள். 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023-இல் எதுவரை வந்தது என்று சுவரில் கை வைத்துக் காட்டுவார்கள். அவர்களுக்கு அதில் கமிஷன் கிடையாது.

இந்த முறை நான் விட்டுக்கொடுக்கவில்லை. பல்லாவரத்தில் குன்றை ஒட்டிய மேட்டுத் தெருவில் வாடகைக்குப் போனோம். அதே தெருவில் பழைய அடுக்ககம் ஒன்றில் முதல் மாடி வீடு விலைக்கு வந்தது. கணவர் உடனே பேசி முடிக்கலாம் என்றார். மழை முடியட்டும் என்றேன். 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் நாள். விமான நிலையத்தையே மூடியிருந்தார்கள். மறுநாள் காலையில் குடையை எடுத்துக்கொண்டு போய், அந்த வீட்டின் கார் நிறுத்துமிடம், சம்ப் மூடி, தெருமுனை வடிகால் எல்லாவற்றையும் பார்த்தேன். தெருவில் ஓடிய தண்ணீர் சரிவில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. தை பிறந்ததும் பதிவு செய்தோம்.

கட்டடம் பழையது, நீச்சல் குளம் கிடையாது, அம்பத்தூருக்குப் போக என் கணவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அத்தான் வரும்போதெல்லாம் இதைக் குறையாகச் சொல்கிறார். அவர் மகளுக்கு இப்போது சிறுசேரியில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே பக்கத்தில் வீடு பார்க்கிறார்கள். வைகாசியில் முடித்துவிட வேண்டுமாம். அந்தப் பெண்ணை நானே தனியாகக் கூப்பிட்டு, தை வரைக்கும் கையெழுத்துப் போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.