களைத்தால் உட்காருங்கள்

ஒரு நாள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலுக்குள் நுழைந்தபோது, இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பதைக் கண்டார்கள். அது என்ன கயிறு என்று வினவினார்கள். அது அன்னை ஜைனப் (ரலி) அவர்களின் கயிறு என்றும், தொழுது தொழுது களைத்துவிட்டால் அதைப் பிடித்துக்கொள்வார்கள் என்றும் தோழர்கள் கூறினர். உடனே அதை அவிழ்த்துவிடும்படி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். உற்சாகம் உள்ளவரை தொழ வேண்டும், களைத்துவிட்டால் உட்கார்ந்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

இது நஃபில் தொழுகையைப் பற்றியது. ஃபர்ளுத் தொழுகையில் நிற்கச் சக்தியுள்ளவர் களைப்பைக் காரணம் காட்டி உட்கார முடியாது. ஆயினும், தாமாக விரும்பிச் செய்யும் வணக்கத்திலேயே உடலைக் கயிறு கட்டி இழுக்க வேண்டாம் என்று தடுத்த மார்க்கம், தேகப்பயிற்சியில் அப்படி இழுப்பதை விரும்புமா? சிந்தித்துப் பாருங்கள்.

இன்று சுப்ஹுத் தொழுகைக்குப் பின் நடைப்பயிற்சி செய்யும் பெரியவர்கள் பலர். உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் வாலிபர்களும் பலர். வீட்டிற்குள்ளேயே பயிற்சி செய்யும் சகோதரிகளும் இருக்கிறார்கள். பாதியிலேயே கால் தளர்கிறது, தலை சுற்றுகிறது. அப்போது நாமும் ஏதேனும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொள்கிறோம். கூட வந்தவர் ஏளனம் செய்வாரே என்ற வெட்கம் ஒரு கயிறு. நேற்று செய்ததை இன்று குறைக்கலாகாது என்ற பிடிவாதம் இன்னொரு கயிறு.

சோம்பல் வேறு, களைப்பு வேறு

அப்படியானால் சற்றே அலுப்புத் தட்டியதும் பாயை விரித்துப் படுத்துவிடலாமா? கூடாது. இயலாமையை விட்டும் சோம்பலை விட்டும் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுவது நாயகம் (ஸல்) அவர்களின் வழக்கமான துஆக்களில் ஒன்று. பலமுள்ள மூமின் பலவீனமான மூமினைவிட மேலானவர், அல்லாஹ்வுக்கு அதிகம் பிரியமானவர் என்றும் அவர்கள் போதித்துள்ளார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியும் இருக்கிறார்கள். முதன்முறை அன்னையவர்கள் வென்றார்கள். பின்னர் உடல் பருத்திருந்த காலத்தில் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் வென்றார்கள். அந்த வெற்றிக்கு இது ஈடு என்று வேடிக்கையாகவும் கூறினார்கள்.

ஆகவே இரண்டையும் பிரித்தறிய வேண்டும். சோம்பல் பெரும்பாலும் தொடங்கும் முன்பே வரும். எழுந்து பத்து நிமிடம் நடந்தால் ஓடிவிடும். மெய்யான களைப்போ நடக்க நடக்க மிகும். இன்னொரு எளிய அளவுகோலும் உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் அளவோடு இருக்கிறது. இரண்டு சொல் பேசுவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு வலித்தால், கண் இருண்டால், வழக்கத்திற்கு மாறாக மூச்சு முட்டினால், அதற்கு மேல் ஓரடியும் வைக்காதீர்கள். உட்கார்ந்து, உதவிக்கு ஆளைக் கூப்பிட்டு, தாமதமின்றி மருத்துவரிடம் செல்லுங்கள்.

களைப்பின் காரணங்கள்

முதற் காரணம் தூக்கக் குறைவு. இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண்பேச்சில் விழித்திருப்பதையும் நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பியதில்லை. நாமோ நள்ளிரவு வரை கைப்பேசியைப் பார்த்துவிட்டு, காலையில் உடலைக் குறை கூறுகிறோம். பகலில் சிறிது நேரம் கண்ணயரும் கைலூலா ஸஹாபாக்களின் பழக்கம். இயன்றவர் அதைக் கைக்கொள்ளலாம்.

இரண்டாவது உணவும் நீரும். வயிறு முட்டப் பிரியாணி உண்டுவிட்டு உடனே பயிற்சி செய்தாலும் தளர்ச்சி வரும். நெடுநேரம் பட்டினி கிடந்து கடும் பயிற்சி செய்தாலும் வரும். வியர்வையாகப் போன நீரை ஈடுகட்டாவிட்டாலும் கால் இழுக்கும்.

மூன்றாவது நோய். இதைச் சகோதரிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் பெண்ணைச் சோம்பேறி என்று ஏசுவது அநியாயம். ரத்தப் பரிசோதனை செய்து பாருங்கள். கீரை, பேரீச்சம்பழம், ஈரல் முதலியவற்றை உணவில் சேருங்கள். சாப்பாட்டோடு தேநீர் அருந்தினால் இரும்புச் சத்து உடலில் சரியாகச் சேராது. சற்றுப் பொறுத்து அருந்துங்கள். தைராய்டுக் கோளாறும் சர்க்கரை வியாதியும்கூட ஓயாத களைப்பாகவே முதலில் தலைகாட்டுவதுண்டு.

திரிகை சுற்றிச் சுற்றிக் கை காய்த்துப்போன அன்னை ஃபாத்திமா (ரலி) அவர்கள், தம் தந்தையாரிடம் பணியாள் கேட்ட வரலாறு நாம் அறிந்ததே. படுக்கைக்குச் செல்லும்போது சுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 முறை ஓதிவரும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். மகளாரின் களைப்பைக் கேட்டதும் அவர்கள் கடிந்துகொள்ளவில்லை. இரவில் மகளாரின் இல்லத்திற்கே சென்று, அருகில் அமர்ந்து இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். நம் வீட்டுப் பெண்கள் உடம்பு முடியவில்லை என்று சொல்லும்போது நாம் எப்படிக் கேட்கிறோம்?

ரமளானில் எச்சரிக்கை

ரமளானில்தான் இந்தப் பாடம் உயிர்ப் பிரச்சினையாகிறது. சர்க்கரை வியாதிக்கு மாத்திரையோ ஊசியோ போடும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். அஸருக்குப் பின் வழக்கம்போல் நடக்கக் கிளம்புகிறார். வழியில் கை நடுங்குகிறது, குளிர்ந்து வியர்க்கிறது. மக்ரிபுக்கு இன்னும் 20 நிமிடம்தானே என்று பல்லைக் கடித்துக்கொள்கிறார். நோன்பை விட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கயிறு அவர் கையில் இருக்கிறது. அந்த 20 நிமிடத்தில் அவர் நினைவிழந்து விழக்கூடும்.

ரத்தத்தில் சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ, 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை முடித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். விரலில் குத்தி ரத்தம் பார்ப்பதால் நோன்பு முறியாது. சர்க்கரை இறங்கிவிட்டால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்துவிட வேண்டும். நோய்க்காக விட்ட நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம். அதற்குக் கஃப்பாரா இல்லை. நோயாளிக்கும் பயணிக்கும் வேறு நாட்களில் நோற்றுக்கொள்ளும் சலுகையைத் திருக்குர்ஆனின் அல்பகரா அத்தியாயம் 184, 185ஆம் வசனங்கள் வழங்கியுள்ளன.

ஹிஜ்ரி 8இல் (கி.பி. 630) மக்கா வெற்றிக்காகப் புறப்பட்ட ரமளான் பயணத்தில், மக்களுக்கு நோன்பு கடினமாகிவிட்டது என்று நாயகம் (ஸல்) அவர்களிடம் எடுத்துரைக்கப்பட்டது. அவர்கள் அஸருக்குப் பின் தண்ணீர்க் குவளையை வரவழைத்து, எல்லோரும் பார்க்கும்படி அருந்தினார்கள். அதன் பின்னும் சிலர் நோன்பை விடவில்லை என்று கேள்வியுற்று, அவர்களை மாறுசெய்பவர்கள் என்று கடிந்தார்கள். முஸ்லிம் நூலில் உள்ள செய்தி இது. அல்லாஹ் தந்த சலுகையை ஏற்பது ஈமானின் குறைவன்று.

திடகாத்திரமானவர்களும் ரமளானில் கடும் பயிற்சியை இஃப்தாருக்குப் பின் வைத்துக்கொள்வது நலம். பகலில் மெல்ல நடந்தால் போதும். தராவீஹில் நிற்பதும் குனிவதும் எழுவதும் உடலுக்கு ஓர் உழைப்பே. ஸஹரை விடாதீர்கள், அதில் பரக்கத் இருக்கிறது என்பது நபிமொழி.

குறைவாயினும் நிலையாக

அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது, குறைவாக இருந்தாலும் தொடர்ந்து செய்யப்படுவதே என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் ஓடிவிட்டு ஒரு வாரம் படுத்துக்கிடப்பவரைவிட, நாள்தோறும் அரை மணி நேரம் நடப்பவர் பயனடைவார். வாரத்திற்கு 150 நிமிட மிதமான உழைப்பே பெரியவர்களுக்குப் போதிய தொடக்கம் என்று உலக சுகாதார நிறுவனமும் கூறுகிறது.

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்துள்ள அமானிதம். அதற்கும் நம்மீது உரிமை உண்டு. களைத்த இடத்தில் வெட்கமின்றி உட்காருங்கள். களைப்புத் தீர்ந்ததும் பிஸ்மில்லாஹ் சொல்லி எழுந்திருங்கள். இயலாமையை விட்டும் சோம்பலை விட்டும் வல்ல அல்லாஹ் நம் அனைவரையும் காப்பானாக! ஆமீன்.